நாவக்குப்பத்து அலை மெஷின்

3 செப்டம்பர் 1991, செவ்வாய்

மிதவை இன்று கடலிலிருந்து திரும்பி வந்தது. வேனின் பின்கதவைத் திறந்ததும் ஷெட்டில் இருந்த எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். ஒரு மாதம்தான் உப்புத் தண்ணீரில் கிடந்தது. இரண்டு எண்ணெய் டிரம்களைச் சேர்த்து வெல்டிங் செய்து, மஞ்சள் பெயின்ட் அடித்து அனுப்பினோம். திரும்பி வந்திருப்பது வேறு ஏதோ பிராணி. அடிப்பக்கம் முழுக்கச் சிப்பி மாதிரி ஏதேதோ ஒட்டிக்கொண்டு, சுரண்டினால் உள்ளே ஏதோ நெளிகிறது. மேலே வழுவழுவென்று பாசி.

“இன்னாமா இது, மீன் மார்க்கெட்டே நம்ம ஷெட்டுக்கு வந்துட்ச்சு” என்றான் அன்பு. எங்கள் லேத்காரன். வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வருகிறவன். எதைப் பார்த்தாலும் சிரிப்பான்.

நானும் உட்கார்ந்து சுரண்டினேன். குளித்த பிறகும் விரல் இடுக்கில் வாடை. தயிர் சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். இவர் எதிரில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டார்.

9 செப்டம்பர்

பக்கத்து வீட்டு மரகதம் மாமி கேட்டாள்: “உங்காத்துக்காரர் சமுத்திரத்திலேர்ந்து கரண்ட் எடுக்கறாராமே? ஷாக் அடிக்காதோ?”

சிரித்துவிட்டேன். ஆனால் நல்ல கேள்வி அது. எளிதாகச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். கரையோரப் பாறைமேல் ஒரு இரும்புச் சட்டம். சட்டத்திலிருந்து ஒரு நீளமான கை, அதன் நுனியில் மிதவை. அலை வந்தால் மிதவை எழும்பும், போனால் இறங்கும். கை ஏறி இறங்கும்போது ஒரு சங்கிலி இழுபடும். சைக்கிளின் பின்சக்கரம் மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றுகிற பல்சக்கரம் ஒன்று அதனால் சுற்றும். அதன் அச்சில் டைனமோ. டைனமோ ஒரு பேட்டரியை நிரப்பும். பேட்டரியிலிருந்து விளக்கு. அவ்வளவுதான் மாமி.

டைனமோ மட்டும் என்னுடையது. கடைகளில் கிடைப்பதெல்லாம் வேகமாகச் சுற்றினால்தான் மின்சாரம் தரும். அலை சோம்பேறி. அதனால் ஸ்பீக்கர் காந்தங்களை வட்டமாக அடுக்கி, மெல்லிய கம்பியில் நானே சுருள் சுற்றினேன். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் முடித்துக் கல்யாணமாகி, ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தவளை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் இவர். அதற்காக இவரை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

14 செப்டம்பர், சனி

மிதவையை மறுபடி பெயின்ட் அடித்து நாவக்குப்பம் கொண்டுபோனோம். ஊரைத் தாண்டுவதற்குள் போலீஸ். மே மாதக் குண்டுவெடிப்பிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் வயரும் பேட்டரியும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை யாரும் சும்மா விடுவதில்லை, விடவும் கூடாது. எல்லாவற்றையும் இறக்கி, பிரித்து, முகர்ந்து பார்த்தார்கள். டிரம்முக்குள் காது வைத்துக் கேட்டார் ஒரு கான்ஸ்டபிள். “இதுக்குள்ள இன்னாய்யா கீது?” “காத்து சார்.” நம்பவில்லை. என் சுருளைக் கையில் எடுத்து ஆட்டினார். எனக்கு உயிர் போய் வந்தது.

ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு தாண்டிக் கடலுக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம். நாவக்குப்பத்துக்கு இன்னும் கரண்ட் கம்பம் வரவில்லை. மெட்ராஸில் ஒரு டிரஸ்ட் இந்தக் குப்பத்துக்கு விளக்குப் போட இவரிடம் வேலை கொடுத்திருக்கிறது. அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ள ராமன் என்று ஒரு மீனவன். அவன் மனைவி பாஞ்சாலி. ராமன் பேசவே மாட்டான். அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள்.

“யம்மா, ஐயரூட்டம்மா, கடல்ல இறங்காத. சேலைய இஸ்துகினு பூடும்.”

நாங்கள் ஐயர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அலை வந்து முழங்கால் வரை நனைத்துவிட்டது.

மாலையில் பாஞ்சாலி வீட்டில் ஒரு சின்ன பல்ப் எரிந்தது. கார் பல்ப். மங்கல்தான், ஆனால் கடல் ஏற்றிய விளக்கு. நான் சுற்றிய சுருள்.

20 செப்டம்பர்

டிரஸ்ட்காரர்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். இவர் காபி கொடுத்துக்கொண்டே சொல்கிறார், ஒரு மெஷினுக்கு நாலு ட்யூப்லைட்! நிஜத்தில் ஒரு மெஷினுக்கு ஒரு சின்ன பல்ப். கடல் நல்ல மனதோடு இருந்தால் இரண்டு. அளந்து பார்த்தவள் நான்.

அவர்கள் போனதும் கேட்டேன். “முதல்லே அஞ்சு மெஷினுக்கு ஆர்டர் வரட்டும், அக்டோபர் ரெண்டாந் தேதிக்குள்ளே நிறுத்தியாகணும். அஞ்சு மெஷின் ஓடித்துன்னா அடுத்தது முழுக் கடற்கரைக்கும் நம்மகிட்டதான் கொடுப்பா. சரி பண்ணிக்கலாம்.”

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்” என்றேன். “கையைச் சட்டத்தோட மாட்டற பின் இருக்கே, அது அஞ்சுக்கும் துருப்பிடிக்காத ஸ்டீல்லதான் இருக்கணும். மொத்த பாரமும் அதுலதான்.”

“ஆகட்டும்டி. ஆகட்டும்.”

2 அக்டோபர், புதன்

எப்படி எழுதுவது?

திறப்புவிழா. ஷாமியானா, மைக் செட், பொன்னாடை. கடல் இன்று குளம் மாதிரி. ஐந்து மிதவைகளும் தூங்கிக்கொண்டிருந்தன. நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன் — இருட்டத் தொடங்கியதும் சுவிட்சைப் போடுவார்கள், ஒன்றும் எரியாது, மானம் போகும்.

போட்டார்கள். குப்பம் முழுக்க ட்யூப்லைட் பளீரென்று எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தைகள் கூச்சல். டிரஸ்ட் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர் மேடையில் கை கூப்பி நிற்கிறார். நெற்றியில் திருமண் கலையாமல் இருக்கிறது.

எங்கிருந்து? வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். ராமன் வீட்டுப் பின்னால் மீன் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தது. நகர்த்தினேன். லாரி பேட்டரிகள், வரிசையாக. எங்கள் ஷெட்டின் பேட்டரிகள். பக்கத்தில், அதை ட்யூப்லைட்டுக்கு ஏற்ற கரண்டாக மாற்றுகிற ஒரு பெட்டி. நேற்று முழுக்க ஷெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “லாரிக்காரனோடது” என்றார்.

கூடையில் செத்த மீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் குமட்டியது என்று பாஞ்சாலி நினைத்துக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். உண்மையைச் சொல்லவில்லை, அவள் வீட்டில் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

3 அக்டோபர்

“என்னடி இப்போ? மெஷின்லேயும்தான் பேட்டரி இருக்கு. அது ஸ்ரீபெரும்புதூர்ல சார்ஜ் ஆனா என்ன, சமுத்திரத்துல சார்ஜ் ஆனா என்ன?”

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். தன் புத்திசாலித்தனம் தனக்கே பிடித்துப்போன சிரிப்பு.

“அவாளுக்கு நாளைக்கு என்ன எரியும்?”

“ஒண்ணும் இல்லாம இருந்தவா. சின்ன பல்ப் எரிஞ்சாலே போதும்னு சொல்லுவா.”

அதையேதான் முதலில் சொல்லியிருக்கலாமே? சின்ன பல்ப் என்று சொன்னால் என்ன கேவலம்? கடலிலிருந்து ஒரு சின்ன பல்ப். அது போதாதா ஒரு மனுஷனுக்கு?

18 அக்டோபர்

பாஞ்சாலி செய்தி அனுப்பியிருக்கிறாள்: ட்யூப்லைட் எரியவில்லை, சின்னது மட்டும் எரிகிறது. இவர் பதில் அனுப்பவில்லை.

7 நவம்பர்

தீபாவளி முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் இவரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். “வத்ஸலா, உன் அதிர்ஷ்டம்.” லட்டைக் கடித்துக்கொண்டே, வாயில் பூந்தி தெரிய, “இருளில் ஒளி ஏற்றிய பொறியாளர்” என்று உரக்கப் படித்தார் இவருடைய சித்தப்பா. இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இனிப்பு வாசனையே பிடிக்காமல் போய்விட்டது எனக்கு.

15 நவம்பர், வெள்ளி

இரண்டு நாளாக மழை. தெற்கே எங்கோ புயல் கரை கடக்கிறதாம். வல்லம் பக்கம் வயலெல்லாம் ஒரே வெள்ளம், ஷெட்டுக்குள்ளும் தண்ணீர். மிதவைகள் என்னவாகும் என்று கேட்டேன். “ஸ்டீல் பின் போட்டிருக்கோமில்லையோ” என்றார். என் வார்த்தையை எனக்கே திருப்பித் தந்தார்.

17 நவம்பர்

மூன்றாவது மெஷினின் கை, பின் அறுந்து பிடுங்கிக்கொண்டது. ராமன் கயிறு போட்டுக் கட்டப் போயிருக்கிறான். அலை மிதவையைத் தூக்கிப் பாறையில் அடித்தது. நடுவில் அவன் கால்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். சொன்னவன் டீக்கடைக்காரன். எங்களுக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை. எதற்கு அனுப்ப வேண்டும்?

18 நவம்பர், திங்கள்

இன்று காலை இவர் கோயிலுக்குப் போய்க் கைங்கரியத்தை முடித்துவிட்டு, பிரசாதத்தோடு வந்து, துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: “கம்ப்ளெயின்ட் கொடுத்துட்டேன்.”

“என்ன கம்ப்ளெயின்ட்?”

“ராமன் மேல. பின்னைக் கழட்டி எடைக்குப் போட்டிருக்கான். அதான் கை விழுந்தது. டிரஸ்ட் ஒத்துண்டுடுத்து. அவாளுக்கும் ஒரு காரணம் வேண்டியிருக்கோல்லியோ.”

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

கால் நசுங்கிக் கிடக்கிறவன் மேல் திருட்டுப் பட்டம். சீ. சீ. என்ன ஜன்மம் இது. இந்தக் கையால்தானே இத்தனை வருஷமாய்ப் பரிமாறினேன்.

19 நவம்பர்

செங்கல்பட்டு போனேன். இவரிடம் சொல்லவில்லை.

வார்டில் ஈ. தரையில் படுத்திருப்பவர்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். ராமனின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு கான்ஸ்டபிள். எதற்கு? ஓடிப் போய்விடுவானா? முழங்காலுக்குக் கீழே கட்டு, அதில் மஞ்சளாக ஊறியிருக்கிறது. டிரஸ்ட் அம்மாள் வந்துவிட்டுப் போயிருக்கிறாள். கட்டிலுக்கடியில் ஒரு ஆப்பிள் கூடை, செலோபேன் பிரிக்காமல்.

பாஞ்சாலி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“இன்னாத்துக்கு வந்த? இன்னும் இன்னா கழட்டிட்டாருன்னு பாக்க வந்தியா?”

“நான் சொல்லலை பாஞ்சாலி.”

“உன் வூட்டுக்காரரு சொன்னாரில்ல? இத்தினி நாளா ராத்திரி பகல் அத்தயே பாத்துகினு கெடந்தாரு இந்தாளு. பாசி ஒட்னா சொரண்டுவாரு, கயிறு தேஞ்சா மாத்துவாரு. கட்டுமரத்த கூட இப்டி பாத்ததில்ல. வா, வந்து என் வூட்ல தேடு. ஒரு ஆணி கெடச்சா நானே எழுதித் தரேன்.”

ராமன் கண்ணைத் திறந்து பாஞ்சாலியைக் காட்டினான். அவ்வளவு நாளில் அவன் என்னிடம் பேசியது அதுதான் முதல்: “அத்த இட்டுகினு போம்மா. அழுவுது.”

பாஞ்சாலி அழவில்லை. நான்தான்.

20 நவம்பர்

அன்புவை ஷெட்டின் பின்பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன். இன்றைக்குச் சிரிப்பு இல்லை.

“ஸ்டீல் ராடு ஒண்ணுக்குத்தான் வந்திச்சிமா. மொதல்ல செஞ்சோமே, அதுக்கு. மீதி நாலுக்கும் சாதா இரும்புலயே கடைய சொன்னாரு சாரு. மேல வெள்ளி பெயின்ட் அட்ச்சிட்டா எவனுக்குத் தெரியும்னாரு. அம்மாகிட்ட சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். அவதான் சொன்னான்னாரு.”

அவதான் சொன்னா.

நான். நான் சொன்னேனாம்.

22 நவம்பர்

மழை விட்டிருந்தது. நாவக்குப்பம் போனேன். தண்ணீர் இறங்கிய நேரம் பார்த்துப் பாறைமேல் ஏறினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து போனேன். குப்பத்து ஆண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். யாரும் கை கொடுக்கவில்லை.

மூன்றாவது சட்டத்தில் பின்னின் பாதி இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. ரம்பம் பட்ட தடம் இல்லை, ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. நடுவில் துரு தின்று, கை உரசி உரசித் தேய்ந்து, பென்சில் கனத்துக்கு இளைத்து, அங்கே முறிந்திருக்கிறது. தொட்டேன். செதில் செதிலாக விரலில் ஒட்டிக்கொண்டது. மற்ற மூன்றும் அதே நிலையில்தான், கைகள் கோணி மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. முதலாவது மெஷினின் பின் மட்டும் புதிதுபோல.

அந்த மிதவை மட்டும் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, சங்கிலி கிரீச்சிட.

23 நவம்பர், சனி

சொன்னேன். பார்த்தேன் என்றேன். கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்குங்கோ என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

“ஒரு ஃபேக்டரி நடத்தறது உனக்கென்ன தெரியும்? ஸ்டீல் வர்றதுக்குக் காத்துண்டிருந்தா ரெண்டாம் தேதி நடந்திருக்குமா?”

“அவனோட காலுன்னா!”

“நானா போகச் சொன்னேன்? கயிறு கட்டச் சொன்னது யாரு?”

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார். குரல் குழைந்தது. “நம்ம ரெண்டு பேருக்குள்ளதானே இது. யாருக்குத் தெரியப்போறது. உன் சுருள்தான் உலகம் பூராப் போகப்போறது, வத்ஸலா.”

அந்தக் கையின் கனம். ஷெட்டில் அன்று சுரண்டினேனே, அதைத் தொட்டபோதுகூட இவ்வளவு அருவருப்பு இல்லை. அது பாவம், உயிர் பிழைக்க ஒட்டிக்கொண்டிருந்தது.

எழுந்துவிட்டேன்.

25 நவம்பர், திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். கடலோர ஸ்டேஷன், சப்-இன்ஸ்பெக்டர் ரகுபதி, தொப்பையும் தலைவலித் தைலமுமாக உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, புருஷன் குடுத்த கம்ப்ளெயின்ட் பொய்னு பொண்டாட்டியே எழுதிக் குடுப்பீங்களா? ரெண்டு பேருக்கும் சண்டையா? வூட்ல பெரியவங்களை வெச்சுப் பேசக்கூடாதா?”

“சண்டை இல்லை. பின் களவு போகலை. பாதி அங்கேயே இருக்கு. வந்து பாருங்கோ.”

“கடல்லயா?”

“பாறைமேல.”

வந்தார். புலம்பிக்கொண்டே வந்தார். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது, கெட்ட வார்த்தை சொன்னார், என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். முறிந்த பின்னைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நாலாவதையும் பார்த்தார்.

“இத்தப் போயா திருடுவான்? எடைக்குப் போட்டாலும் எவனும் வாங்க மாட்டானே” என்றார்.

திரும்பி வந்து எழுதிக் கொடுத்தேன். என் பெயரை எழுதி, ‘க/பெ. யதிராஜன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. எழுதினேன்.

ஏதோ பெரிதாகச் செய்தவள் மாதிரி நெஞ்சு நிமிரும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்மேல் கடல் வாடை.

27 நவம்பர்

ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிளின் ஸ்டூல் காலி.

2 டிசம்பர்

இவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் என்னைப் பற்றிப் பேசுகிறார். கோயில் வாசலில், ரேஷன் கடையில், மரகதம் மாமியிடம். “அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லை.” மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கோ, சரியாப்போயிடும்” என்கிறாள். அந்த இரக்கம் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

11 டிசம்பர்

டிரஸ்ட் நாவக்குப்பத்தைக் கைவிட்டுவிட்டது. விசாரணை, வழக்கு எதுவும் இல்லை. “இயற்கைச் சீற்றத்தால்” என்று எழுதி முடித்துவிட்டார்கள். இவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறு ஒரு அமைப்பு, தூத்துக்குடிப் பக்கம், இதே மெஷின், இதே ட்யூப்லைட். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்று பேசினார். “நடந்தது நடந்துபோச்சு. சுருள் நீதான் சுத்தணும். உனக்குத்தான் அந்தக் கை வரும்.”

“சுத்த மாட்டேன்.”

“அப்போ என்ன பண்ணப்போறே?”

கேள்வி நியாயமானது. இருந்தாலும் இன்னொரு முறை அதே வார்த்தையைச் சொன்னேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நஷ்டத்தைப் பார்க்கிற பார்வை.

17 டிசம்பர்

போய்விட்டார். ஷெட்டைக் காலி செய்து, லேத்தை விற்றுவிட்டார். அன்பு வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான், ஷிப்ட் வேலை. எனக்குச் செங்கல்பட்டில் மோட்டார் சுருள் கட்டும் கடையில் வேலை. சந்திரம்மாள் என்கிற விதவை நடத்துகிறாள். “பொம்பளைக்கு இந்த வேலை வருமா?” என்று கேட்டவள் அவள்தான். ஒரு பம்ப்செட் மோட்டாரைக் கொடுத்தாள். மாலைக்குள் கட்டிக் கொடுத்தேன். ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்ணாந் தேதிலேர்ந்து வா” என்றாள்.

21 டிசம்பர், சனி

ராமனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் தப்பியது, ஆனால் முழங்கால் மடங்காது. இனிக் கட்டுமரத்தில் ஏற முடியாது. கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறான். பார்க்கப் போயிருந்தேன். அவன் முன்னால் உட்காரக் கூச்சமாக இருந்தது.

கிளம்பும்போது பாஞ்சாலி பாறை வரை கூட வந்தாள். இரண்டாவது, நாலாவது, ஐந்தாவது மிதவைகளும் போய்விட்டன. முதலாவது மட்டும் நிற்கிறது. அதன் டைனமோவில் உப்பு இறங்கி என் சுருள் செத்துவிட்டது.

“இது ஒண்ணு எரிஞ்சுதே, சின்னதா. அது நெசமா, இல்ல அதுவும் நீங்க ஊர்லேந்து கொணாந்த பேட்டரிதானா?”

“அது நிஜம்.”

“அப்போ அத்த திருப்பி எரிய வை.”

“இத்தனை நடந்தப்புறமா?”

“நடந்ததுக்கு நீ இன்னா கிழிச்சிட்ட? எழுதிக் குடுத்த, சரி. என் வூடு இருட்டாத்தான கீது.”

28 டிசம்பர், சனி

ஒரு வாரமாகக் கூடத்தில் உட்கார்ந்து சுருள் சுற்றினேன். இந்த முறை ஒவ்வொரு அடுக்குக்கும் வார்னிஷ் ஊற்றி, காயவைத்து, மூடியின் விளிம்பெல்லாம் தார் பூசினேன். கை முழுக்கத் தார், மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. தேய்ந்துபோன பல்சக்கரத்துக்குப் பதில் அன்பு தன் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று செய்துகொண்டு வந்தான். “சூப்பர்வைசர் பாத்தான்மா. இன்னாடா இதுன்னான். கடலுக்குன்னேன். லூசுன்னு நெனச்சிகினு போய்ட்டான்.” இன்று என்னோடு பஸ்ஸில் நாவக்குப்பம் வந்தான்.

ராமன் கரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி நீட்டி வழி சொன்னான்: இப்ப போ, இப்ப நில்லு, ரெண்டு அலை விடு. எனக்கும் அன்புக்கும் மாட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இந்த முறை குப்பத்து ஆள் ஒருவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். கேட்காமலே.

விளக்கு வைக்கும் நேரத்தில் பாஞ்சாலி வீட்டுக்குள் எல்லோரும் நின்றோம். வயரை முடுக்கினேன். உடனே எரியவில்லை. பிறகு பல்புக்குள் கம்பி சிவந்தது. பேட்டரி இன்னும் நிரம்பவில்லை, அலையோடு கூடிக் குறைந்து, கூடிக் குறைந்து எரிந்தது. அடுப்பு தெரிந்தது. அதற்கப்பால் சுவர் தெரியவில்லை.

பாஞ்சாலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“இவ்ளோதானா?”

“இவ்வளவுதான்” என்றேன். “இதுக்கு மேல வராது.”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முறத்தை இழுத்துப் பல்புக்கு நேர் கீழே போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.